இருமற் குருதி இலக்கணம்: மர்பி டவுன் உரை

இருமலோடு வரும் இரத்தத்தைப் பெங்களூர் மர்பி டவுன் ஆசிரியர்கள் ஒரே வகையாகக் கொள்வர். அதன் பெயர் சூடு. மார்க்கெட்டில் கீரை விற்கும் பாட்டி முதல் குழாயடிப் புலவர்கள் வரை இதில் கருத்து வேற்றுமை கிடையாது. "சூடுப்பா, எளநீ குடி, ரெண்டு நாள்ல நின்னுடும்" என்பது சூத்திரம். அதை மறுத்து வகை பிரிப்பதே இவ்வுரையின் பயன்.

முதலில் களைய வேண்டியது போலி. நன்னூலார் வழியில் அது மூன்று. ஈறில் கசிந்து எச்சிலோடு வருவது முதற்போலி. வெற்றிலை போடுகிறவர்களிடம் இதைக் கண்டுபிடிப்பது அரிது. வாய் கொப்பளித்துவிட்டுத் துப்பச் சொல்லிப் பார்க்க வேண்டும். மூக்கில் உடைந்து பின்வழியாகத் தொண்டைக்கு இறங்குவது இடைப்போலி. இரைப்பையிலிருந்து வாந்தியாக வருவது கடைப்போலி. பெரும்பாலும் கறுத்து, சோற்றுப் பருக்கை கலந்து, புளித்து வரும். போலி என்றதால் இதை லேசாகக் கொள்ளற்க. இதுவும் அவசரம்தான், டாக்டர் மட்டும் வேறு.

நுரையீரலிலிருந்து வருவதே மெய். பளிச்சென்ற சிவப்பு, நுரை, கூடவே சளி.

மெய்யின் தலைமகன், நம் நாட்டில், காசம். 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்த அதே கிருமி. நுரையீரலில் அது குழி பறிக்கும். குழியின் சுவரில் ஓடும் நாளம் மெலிந்து, புடைத்து, ஒருநாள் உடையும். ஆனால் பெரும் பெருக்கு அநேகமாக மகாதமனியின் கிளைகளான மூச்சுக்குழல் தமனிகளிலிருந்தே வரும். அங்கே அழுத்தம் அதிகம்.

காசத்துக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. உரையாசிரியர் பலர் தடுமாறுவது இங்கேதான். ஆறு மாத மாத்திரையை ஒழுங்காக முடித்தவர், பல வருஷம் கழித்து மறுபடி இரத்தம் துப்புவார். "டிபி திரும்பிடுச்சு" என்று வீட்டில் அழுகை தொடங்கும். திரும்பியிருக்கலாம். அல்லது பழைய நோயில் சிதைந்து அகன்றுபோன மூச்சுக்குழல் கசியலாம். பழைய குழிக்குள் பூஞ்சை உருண்டு திரண்டிருக்கலாம். சோதிக்காமல் மீண்டும் காச மாத்திரையைத் தொடங்குவது பிழை.

ஏனையவற்றைத் தொகுத்துச் சொல்வோம். சளிக்காய்ச்சல் இருமலில் வரும் மெல்லிய கோடு. பீடி, சிகரெட்டில் வயதேறியவரின் புற்று. சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் கண்டு இதய வால்வு சுருங்கியவர்களுக்கு, குறிப்பாகக் கர்ப்பக் காலத்தில், மூச்சுத் திணறலோடு வருவது. ஆபரேஷனுக்குப் பின் படுத்தே கிடந்தவரின் கால் நாளத்தில் உறைந்த கட்டி நுரையீரலுக்கு ஏறுவது. இரத்தம் உறையாதிருக்கத் தின்னும் மாத்திரை அளவு மிஞ்சுவது. குழந்தையாயின், மூச்சுக்குழலில் சிக்கிய வேர்க்கடலை. பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷை என்னும் வேர்க்கடலைச் சந்தைக்குப் போய்வந்தவர்கள் இதை நினைவில் வைக்க.

இனி அளவு. இதில் ஆள் சாவது பெரும்பாலும் இரத்தம் இழந்து அன்று, மூச்சு அடைத்து. மூச்சுவழிகளின் கொள்ளளவே சுமார் 150 மில்லி. இருவருக்குப் பை-டூவாகப் பிரிக்குமுன் உள்ள ஒரு காப்பி அளவு. ஆகவே டம்ளர் கணக்கில் வந்தால் இளநீருக்கு ஆள் அனுப்பாமல் ஆம்புலன்சுக்கு அனுப்புக. எந்தப் பக்கம் கசிகிறது என்று தெரிந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைக்க.

புறனடை: எல்லாச் சோதனையும் செய்தும் காரணம் அகப்படாத சிலரும் உளர். அவர்களும் மறுபரிசோதனைக்கு வர வேண்டும்.

இவ்வளவும் சொல்லிப் பாட்டியைப் பழிப்பது முறையன்று. பெங்களூரில் 1959-ல் தொடங்கிய தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்தில் ஆராய்ந்து 1963-ல் ஒன்றை வெளியிட்டனர். காச நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் தாமாகவே வைத்தியம் தேடிப் போயிருந்தார்கள். அவர்களில் பலர் இருமல் மருந்துப் பாட்டிலோடு திரும்பினார்கள். சூடு என்பதும் சிரப் என்பதும் ஒரே வகைப்பாடுதான், பின்னதற்கு ஃபீஸ் உண்டு.

ஆகவே வாசகரே, இரண்டு வாரம் தாண்டிய இருமலோ ஒரு சொட்டு இரத்தமோ கண்டால், எந்த டாக்டரிடம் போனாலும் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் காசத்துக்கான சளிப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.