மண்டபம் கட்டப் போற மகனுக்கு

வாங்க மகன், இரிங்க. கல்முனை மாநகர சபையில ஒரு கதிரை கிடைச்சா பெரியநீலாவணைக்குப் பொது மண்டபம் கட்டித் தாறன் எண்டு சொல்லித் திரியிறீங்களாம். நல்ல கத. ஆனா அந்தக் கதிரை எங்க கா இரிக்கு? 2018இல தெரிவான சபை 2023 மார்ச்சோட முடிஞ்சி. 2025 மே 6இல நாட்டில உள்ளூராட்சித் தேர்தல் நடந்தப்பவும் கல்முனைக்கு நடக்கல்ல, வழக்கு. இல்லாத சபையில வாக்குக் குடுத்தா ஆரும் வந்து கேக்க ஏலா. கெட்டிக்காரன்!

கிழவன் சொல்றதயும் கேளுங்க. முதல்ல பெயர்க்கல்ல வைங்க. கறுப்புக் கல்லு, தங்க எழுத்து. 'இன்னாரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில்' எண்டு முழுசா எழுதோணும். இடம் போதாட்டி மண்டபத்தச் சின்னனாக்குங்க. மலசலகூடம் தேவல்ல, திறப்பு விழாவுக்கு வாற பெரியாக்கள் அரை மணித்தியாலத்துக்கு மேல இரிக்கிறல்ல.

கடற்கரையிலயே கட்டுங்க. கடல் மண்ணக் கழுவாமக் குழைச்சா செலவும் மிச்சம். உப்பு உள்ள போய்க் கம்பி துருவேறி ஊதும். கொஞ்ச நாளையில பூச்சு பொரிஞ்சி, கொங்கிறீட்டு வெடிச்சி, கம்பி வெளிய எட்டிப் பாக்கும். மறுகா என்ன, 'புனரமைப்பு' எண்டு இன்னொரு கல்லு!

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில ஆரார் வந்து என்னென்ன கட்டினாங்க எண்டு கணக்கே இல்ல. கட்டினவங்க போயிட்டாங்க. கட்டடம் சபைக்கா, பிரதேச செயலகத்துக்கா, கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கா? எழுத்தில இல்லாட்டி கரண்ட் பில்லுக்கு ஆளில்ல. வாடகை வாங்க மட்டும் எப்படியோ ஒராள் வந்திருவார். நம்மட பக்கம் பிரதேச செயலகமே ஒண்டா ரெண்டா எண்டு இழுபறி, 2019இல உண்ணாவிரதமும் இரிந்தாச்சு. இதுக்குள்ள மண்டபத்துக்கு ஆரு தாய் தகப்பன்?

பகிடிய விடுவம், மண்டபம் தேவதான். கோயிலுக்கு மண்டபம் இரிக்கு, பள்ளிவாசலுக்கும் இரிக்கு. மழை வெள்ளம் வந்தா சனம் பள்ளிக்கூடத்துக்கு ஓடும், அண்டைக்குப் புள்ளைகளுக்குப் படிப்பில்ல. கத்தமும் அந்திரட்டியும் ஒரே கூரைக்குக் கீழ நடக்கிற இடம் ஒண்டு வேணுமெண்டா அத சபைதான் வச்சிரிக்க ஏலும்.

அதுக்குப் புதுசாக் கட்ட வேண்டியதில்ல மகன். இரிக்கிற சனசமூக நிலையத்தயும் பல்தேவைக் கட்டடத்தயும் ஆருட எண்டு எழுத்தில போட வைங்க. கரண்ட் பில்ல சபை கட்டட்டும். வருஷ பட்ஜட்டில கூரைக்கும் பெயின்ற்றுக்கும் ஒரு தொகை ஒதுக்கட்டும். வாடகைக்குப் பற்றுச்சீட்டு எழுதட்டும். திறப்ப மாதர் சங்கத்துட்டக் குடுங்க, அவங்கதான் கூட்டித் துடைச்சிப் பூட்டுவாங்க. அந்தியில நாலு பேப்பரும் ஒரு வெளிச்சமும் இரிந்தா பொடியன்மார் தானா வருவானுகள்.

ஒரு குறைதான், இதுக்கெல்லாம் பெயர்க்கல்லு வைக்க ஏலாது.

தேர்தல் வரட்டும் எண்டு பாத்திரிக்காதீங்க. சபை இல்லாட்டியும் மாநகர ஆணையாளர் இரிக்கிறார். நாளைக்கே கிராம அபிவிருத்திச் சங்கத்துச் சீலக் குத்தி அவருக்கு ஒரு கடிதம் குடுங்க, முதல்ல சனசமூக நிலையத்துக்குப் பல்பு ஒண்டு போடச் சொல்லி.