இரட்டைமடியே, உனக்கு ஈடு யார்?

இரட்டைமடியே, உன்னை வாயாரப் புகழ வேண்டும். பாக் விரிகுடாவில் உன்னைப்போல் உழைப்பாளி இல்லை. நாட்டுப்படகுக்காரர் வலையைப் போட்டுவிட்டு, மீன் வரட்டும் என்று காத்துக் கிடப்பார். உனக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. இரண்டு விசைப்படகுகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, வாயை அகலத் திறந்துகொண்டு, கடல்தரையைத் தடவியபடி நீயே தேடிப் போகிறாய். நீ போன தடத்தில் தாழை என்னும் கடற்புல் நிற்பதில்லை. கடல்பசுவான ஆவுளியா மேய்வது அந்தத் தாழையைத்தான். அதற்காக 2022-இல் இங்கே 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகம் என்று அறிவித்தார்கள்.

உன் மடி பெரிது. செவுள்வலைக்குக் கண்ணளவு உண்டு, கண்ணைவிடச் சிறிய குஞ்சு நழுவிப் பிழைத்துவிடும். நீ யாரையும் தள்ளுவதில்லை. தாய் மீனும் குஞ்சும் சினை நண்டும் உனக்கு ஒன்றுதான்.

கரையில் உன்னைக் கொட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இறாலும் கணவாயும் கூடைக்குப் போனபின் கிடக்கும் குவியலுக்குச் சங்காயம் என்று பெயர். விரல்நகம் அளவில் காரல் குஞ்சுகள், உடைந்த சிப்பி, பிய்ந்த தாழை. அதற்குள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு கடல்குதிரை, சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மூச்சு இருந்ததோ என்னவோ, எடுத்துப் பார்ப்பதற்குள் மண்வெட்டி வந்து அள்ளிப் போனது. வெயிலில் காய்ந்து, அரைபட்டு, அந்தக் குவியல் கோழித்தீவனமாகப் போகும். கடலின் நாளைய மீனைக் கொண்டு இன்றைய கோழிக்குப் படியளக்கிறாய்.

உன் துணிச்சலைச் சொல்லாமல் விடலாமா? தமிழ்நாட்டில் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. கரையை ஒட்டிய 3 கடல்மைல் நாட்டுப்படகுக்கு என்று அது ஒதுக்கியது. உனக்கோ தடையே போட்டார்கள். இன்றும் நீ கடலில் இருக்கிறாய். சட்டத்தைவிட நீண்ட ஆயுள் உனக்கு.

இந்தக் கரையில் எத்தனை கட்டுப்பாடுகள்! பழவேற்காட்டில் பாடு முறை உண்டு. எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊர் கூடிப் பிரித்துக்கொள்கிறது. ராமேஸ்வரத்தில் சண்டைகளுக்குப் பின், வாரத்தில் 3 நாள் விசைப்படகுக்கு, 4 நாள் நாட்டுப்படகுக்கு என்று நாளைப் பிரித்தார்கள். பாம்பன் சின்னப்பாலத்துப் பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு வைத்துக்கொண்டார்கள். இரும்பால் சுரண்டினால் வேரோடு போய்விடும், அதனால் கையால்தான் பறிப்பார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றியிருக்கும். துணியை அவிழ்த்தால் விரல்நுனி வெளுத்து ஊறிப்போயிருக்கும். போதும் என்று சொல்ல அந்த விரல்களுக்குத் தெரிகிறது. நீ அந்தச் சொல்லைக் கற்கவே இல்லை. ஊர் கூடிப் பல நாள் பேசி எட்டிய முடிவை ஒரே இரவில் கடந்துபோகும் வேகம் உன்னுடையது.

எல்லையும் உனக்கில்லை. ஈழத் தமிழரைத் தொப்புள்கொடி உறவு என்று மேடைதோறும் சொல்கிறோம். 2009-க்குப் பின், போர் ஓய்ந்து, கடன் வாங்கி வலை வாங்கிக் கடலுக்குத் திரும்பியவர்கள் இலங்கையின் வடக்கு மீனவர்கள். அவர்கள் இரவில் விரித்து வைத்த வலையை இங்கிருந்து போன உன் இன இழுவைமடிகள் வாரிக்கொண்டு போயின. இலங்கை 2017-இல் இழுவைமடிக்கே தடைச்சட்டம் போட்டது. அறுந்த வலையோடு கரையேறியவரும் தமிழில்தான் அழுதார்.

உன்னோடு வரும் கூலித் தொழிலாளியை நான் நோகவில்லை. பங்குக் காசுக்கு வருகிறார், பிடிபட்டால் சிறைக்கும் அவர்தான் போகிறார். உன்னை வாங்கிவிட்டவர் கரையில் பத்திரம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், இந்தக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் சினை வைக்கட்டும் என்று கொடுத்த காலம். அந்த நாட்களில் உன்னைக் கரையில் பரப்பிக் கிழிசல் தைக்கிறார்கள். குஞ்சுகள் தாழைக்குள் வளரத் தொடங்கியிருக்கும். தடை முடிந்ததும், ஒரு கண் விடாமல் தைத்து முடித்த மடியாக, நீ அவற்றை நோக்கிப் புறப்படுகிறாய்.