ஆம்பியர் மீட்டர்: மூலமும் உரையும்

தொல்காப்பியர் காலத்தில் டிராக்டர் இல்லை. ஆகவே ஆம்பியர் மீட்டருக்கு நூற்பா கிடையாது. உரையாசிரியர்கள் மட்டும் ஏராளம். சென்னை சி.டி.எச். ரோட்டில் பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் வரைக்கும், இந்தப் பக்கம் பூந்தமல்லி வரைக்கும், டிராக்டருக்குக் கை வைக்கும் பட்டறை ஒவ்வொன்றிலும் குறைந்தது ஓர் உரையாசிரியர் உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் உரையை இன்னொருவர் ஒப்புக்கொள்வதில்லை. "எவன் இதுல கை வெச்சான்?" என்ற கேள்வி இம்மரபில் பாயிரத்தின் இடத்தில் நிற்கிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலநூல் ஒரு பழைய மாஸி ஃபெர்குசன் 1035. இந்த வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான திணை அமையாது. டாஃபே நிறுவனம் 1960இல் தொடங்கி, பக்கத்துச் செம்பியத்தில் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்தது. அடுத்த ஆண்டே, 1961இல், டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் செய்ய லூகாஸ் டி.வி.எஸ். அமைந்தது, இடம் பாடி. 1965இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. டாங்கிக்கே ஒயர் இழுத்த வட்டாரத்தில் ஒரு டிராக்டரின் முள் ஆடாமல் கிடப்பது ஆராய்ச்சிக்கு உரிய செய்திதான்.

முதலில் சொல்லாராய்ச்சி. சென்னைத் தமிழில் 'மீட்டர்' என்றால் ஆட்டோவில் ஓடாதது, ஈ.பி. பெட்டியில் நிற்காமல் ஓடுவது, வட்டிக்கு முன்னால் வந்தால் குடும்பத்தையே ஓடவைப்பது. டிராக்டர் மீட்டர் இவை மூன்றிலும் சேராது. 'கட்அவுட்' என்ற சொல்லும் அப்படியே. ஊருக்குத் தெரிந்த கட்அவுட் பாலாபிஷேகம் பெறுவது. பட்டறையின் கட்அவுட் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கும் ரிலே. டைனமோவின் வோல்ட் பேட்டரியைவிட ஏறினால் இணைக்கும், இறங்கினால் துண்டிக்கும். அது துண்டிக்காவிட்டால் பேட்டரி டைனமோவையே மோட்டாராக எண்ணிச் சுழற்றப் பார்க்கும். பிறகு இரண்டுக்குமே பால்தான்.

மீட்டரின் உள்ளே பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். ஒரு பித்தளைப் பட்டை, ஒரு காந்தம், ஒரு முள், அவ்வளவே. 1820இல் கோபன்ஹேகனில் ஓர்ஸ்டெட் மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே திசைகாட்டியை வைத்தார், முள் திரும்பியது. செய்தி பாரிஸுக்குப் போன சில வாரங்களில் ஆம்பேர் அதற்குக் கணக்கு எழுதிவிட்டார். அந்தப் பரிசோதனையைத்தான் தகரக் குடுவைக்குள் அடைத்து, கண்ணாடி போட்டு, இடப்பக்கம் 30, நடுவில் சுழியம், வலப்பக்கம் 30 என்று எழுதி டேஷ்போர்டில் திருகியிருக்கிறார்கள். ஒரு பக்கம் 'டி', அதாவது பேட்டரியிலிருந்து செலவு. மறுபக்கம் 'சி', அதாவது வரவு. கடையின் பேரேட்டை முள்ளால் எழுதியது போல.

இனி ஆய்வின் மையச் சிக்கல். முள் நடுவில் நின்றால் என்ன பொருள்?

"அண்ணே, முள்ளு ஆடவே மாட்டேங்குது," என்கிறார் வண்டிக்காரர்.

"ஆடலைன்னா நல்லதுதானப்பா. பேட்டரி ஃபுல்லா இருக்கும்," என்கிறார் மெக்கானிக், தலையை எடுக்காமலே.

"மூணு வருஷமாவா?"

இந்த வினாவில்தான் புலமை இருக்கிறது. நிறைந்த பேட்டரிக்கும் சுழியம், செத்த மீட்டருக்கும் சுழியம். யோகியும் தூங்குகிறவரும் ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பதுபோல. சந்தேகம் தீர்க்க ஒரு வழி உண்டு. எஞ்சினை நிறுத்தி, சாவியைத் திருப்பி, ஹெட்லைட்டைப் போட வேண்டும். 55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர். முள் 'டி' பக்கம் 9 அருகே சாய்ந்தால் அது யோகி. லைட் எரிந்தும் முள் அசையாவிட்டால், ஒன்று மீட்டர் போய்விட்டது, அல்லது மின்சாரம் அதைத் தொடாமல் வேறு வழியில் போகிறது.

மூன்று வருடம் யாரும் கவலைப்படாததற்குக் காரணம் டீசல். டீசல் எஞ்சினுக்குப் பொறி வேண்டியதில்லை. ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டரியைக் கேட்காது. செல்ஃப் எடுக்காத வண்டியைச் சரிவில் நிறுத்தி, உருட்டி, கியரில் போட்டு எழுப்பிவிடலாம். ஆனால் இந்தப் பக்கம் சரிவுக்குப் பெரும் பஞ்சம். மேடு என்றால் ஏரிக்கரை, இல்லாவிட்டால் மேம்பாலம். ஏரிக்கரை ஏறி இறங்கும் இடத்தில் ஒரு டிராக்டர் வழக்கமாக நின்றால் அதன் ஆம்பியர் மீட்டர் பற்றி ஓரளவு ஊகிக்க இடமுண்டு.

டேஷ்போர்டின் திருகுகளைக் கழற்றி முன்னால் இழுத்ததும் சுவடி திறக்கிறது. 1887இல் உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டார். பட்டறைப் பதிப்பாசிரியருக்கு இருப்பது ஒரே பிரதி. அதிலும் செல்லுக்குப் பதில் எலி. பழைய பிரிட்டிஷ் வண்டி மரபில் மூலபாடம் தெளிவானது: பேட்டரியிலிருந்து மீட்டருக்கு வருவது பழுப்பு ஒயர், மீட்டரிலிருந்து சார்ஜ் பக்கம் போவது பழுப்பில் வெள்ளைக் கோடு, கறுப்பு என்றால் எர்த். கையில் உள்ள பிரதியிலோ பழுப்பு ஒரு சாண் வந்து பச்சையாகிறது. பச்சை கொஞ்ச தூரம் போய் வீட்டு ஒயரிங்குக்கு வாங்கிய மஞ்சளாகிறது. ஒட்டுக்கு ஒட்டு இன்சுலேஷன் டேப். பிரித்தால் ஒரு காலத்துக்கு ஓர் அடுக்கு.

இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இல்லை. நன்னூல் சொல்லும் பொருள்கோள் எட்டு. முதலாவது ஆற்றுநீர்: நீர் போலத் திரும்பாமல் நேரே ஓடிப் பொருள் தருவது. மீட்டர் ஒயரிங் அந்த வகையில் அமையவேண்டும். செல்ஃப் மோட்டார் நீங்கலாக வண்டியின் சுமை எல்லாம் பேட்டரியிலிருந்து மீட்டருக்குள் புகுந்தே வெளியேற வேண்டும். செல்ஃப் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அதன் தடித்த கேபிள் மீட்டர் பக்கம் எட்டிப் பார்க்காமல் தனியே போவது அதனால்தான். நடைமுறையில் கிடைப்பதோ கொண்டுகூட்டு. எங்கோ கிடக்கும் ஹாரன் ஒயரைக் கொண்டுவந்து எங்கோ உள்ள டிராலி லைட்டோடு கூட்டியிருப்பார்கள். மீட்டரின் இரு முனைகளில் ஒயரை இடம் மாற்றி மாட்டியிருந்தால் அது மொழிமாற்று: எஞ்சின் ஓடும்போது முள் 'டி' பக்கம் சாய்ந்து வண்டிக்காரரைப் பயமுறுத்தும். குற்றம் பெரிதில்லை, இரண்டையும் மாற்றிப் போட்டால் போதும். மீட்டர் எரிந்த அன்று யாரோ அவசரத்தில் இரண்டு ஒயரையும் ஒரே போல்ட்டில் முடுக்கி வண்டியை அனுப்பியிருப்பதும் உண்டு. இடைச்செருகல்தான், ஆனாலும் வண்டி ஓடியது அந்த அடியால்தான் என்பதால் வெட்டி எறியுமுன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

இந்த இடத்தில் அறிஞர் உலகம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு சாரார், பழைய வண்டிக்குப் பழைய மீட்டர் என்பவர்கள். புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் அலைந்தாவது அதே வட்டம், அதே எழுத்து வேண்டும் என்பார்கள். மறுசாரார் வோல்ட் மீட்டர் கட்சி. அவர்கள் வாதத்தில் சாரம் இருக்கிறது. டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்ட வண்டியில், மீட்டரில் எழுதிய 30ஐத் தாண்டியும் மின்சாரம் வரலாம். வோல்ட் மீட்டருக்கு அந்தப் பாரம் இல்லை. சாவிக்குப் பின்னால் ஒரு மெல்லிய ஒயர், எர்த்துக்கு ஒன்று, வேலை முடிந்தது. எஞ்சின் நிற்கும்போது 12.6, ஓடும்போது 14 பக்கம் காட்டினால் உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஆபத்து, கட்சி மாறும்போது வருகிறது. அம்மீட்டர் தொடர் இணைப்பில், வோல்ட் மீட்டர் பக்க இணைப்பில் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். மதிப்பெண் வாங்கியதும் மறந்தோம். ஆம்பியர் மீட்டர் இருந்த இடத்தில் அதே தடித்த ஒயர்களை வோல்ட் மீட்டரில் முடுக்கினால் வண்டி முழுக்க இருட்டு, ஏனென்றால் அது மின்சாரத்தை விடாது. அந்த இரண்டு ஒயரையும் ஒன்றாக இணைத்து மூடிவிட்டு, புதியதற்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும். தலைகீழாக, ஆம்பியர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரிக்கும் மறுமுனையை எர்த்துக்கும் கொடுத்தால் நேரடி ஷார்ட். அதற்கு உரை எழுத அவகாசம் இருக்காது, புகையே எழுதிவிடும்.

இந்த ஆய்வில் உதாசீனத்துக்கு உள்ளாகும் பொருள் ஒன்று உண்டென்றால் அது நட்டு. மீட்டர் முனையில் லக் தளர்ந்து, துரு ஏறி, வெறும் 0.1 ஓம் தடை உண்டாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே 30 ஆம்பியர் போனால் 90 வாட் வெப்பம். ரேடியோ ரிப்பேர் கடையின் சால்டரிங் அயர்ன் 25 வாட். மூன்றரை சால்டரிங் அயர்னை டேஷ்போர்டுக்குள் ஒளித்துவைத்து, "மீட்டர் கம்பெனி சரியில்லை" என்று சொல்வது அறமாகாது. ஒயர் 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. லக்கை நன்றாக நசுக்கி, ஸ்லீவ் போட்டு, ஸ்பிரிங் வாஷரோடு முடுக்க வேண்டும். தகரத் துளையில் உரசும் இடத்தில் ரப்பர் கிரோமெட். இவ்வளவுக்கும் ஆகும் செலவைவிட, முடிந்தபின் பட்டறையில் எல்லோருக்கும் சொல்லும் டீக்கு அதிகம் ஆகும்.

வேலை முடித்துச் செய்த சோதனையில் ஹெட்லைட் போட்டதும் முள் 'டி' பக்கம் 9ஐத் தொட்டது. எஞ்சின் எழுந்ததும் எகிறி 'சி' பக்கம் போய், செல்ஃப் செலவழித்ததை ஈடுகட்டும் வரை அங்கேயே நின்று, பிறகு மெல்ல நடுவுக்கு வந்தது. "பாத்தியா, மறுபடியும் ஆட மாட்டேங்குது," என்றார் மெக்கானிக்.

இந்த வேலையில் இறங்க நினைக்கும் வாசகர், ஸ்பேனரைத் தொடுமுன் பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் கழற்றவேண்டும்; மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டவேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் எர்த்துக்குப் போவது நெகட்டிவ் அல்ல, பாசிட்டிவ். எந்தக் கேபிள் சேஸிஸில் முடிகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கை வைக்கவும்.