காயாத துண்டு

நேற்று மொட்டை மாடிக் கொடியிலிருந்து துண்டை உருவி முகத்தைத் துடைத்தேன். குப்பென்று வால்பாறை வாசம். போய் வந்து பதினோரு நாள் ஆகிறது. இரண்டு தடவை துவைத்து, மதுரை வில்லாபுரம் வெயிலில் போட்டு அப்பளமாக எடுத்த துண்டு அது. அந்த நேரம் பார்த்து மச்சினனிடமிருந்து வாட்ஸ்அப்: "மாமா, அடுத்த ட்ரிப் மூணு மாசம். ஃபுல் டைம்!"

கத்திரி வெயிலில் "பேசாம மலையில போய் செட்டில் ஆயிரணும்" என்று நாம் எல்லாரும்தான் சொல்கிறோம். சொல்லிவிட்டு ஒரு ஜிகர்தண்டாவைக் குடித்து, வீட்டுக்கு வந்து ஏர்கூலரில் தண்ணீர் ஊற்றுவோம். அதுதான் முறை. இவன் ஒருத்தன் சொன்னதைச் செய்துவிட்டான். பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டைக் கழற்றி, கட்டில் அடித்து, கூரையில் சோலார் தகடு ஏற்றி, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து ஆர்.சி.யிலும் மாற்றிவிட்டான். (1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது, நம் இஷ்டத்துக்கு வண்டியை வீடாக்க முடியாது. அவன் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம்.) கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் சமாச்சாரம் என்று நினைத்திருந்த என் மனைவி, தம்பி ஹீரோ ஆகிவிட்டதாகவே தெருவில் சொல்லிவிட்டாள்.

"கேரளாக்காரன் 2021லயே கேரவனுக்குன்னு தனியா கொள்கை போட்டுட்டான் மாமா. வாகமன்ல பார்க்கே இருக்கு" என்றான். சரி, அங்கேயே போவோம் என்றேன். கரண்ட், தண்ணீர் கிடைக்கும் இடமெல்லாம் அவனுக்கு ஆகாதாம். மழைக்காடுதான் வேண்டுமாம்.

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் குக்கர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். காட்டுக்குள் வண்டியை நிறுத்தித் தங்க அனுமதி கிடையாது என்பது மேலே போனபிறகுதான் துரைக்குத் தெரிந்தது. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வீட்டுக் களத்தில் நிறுத்தினோம்.

வண்டியில் குடித்தனம் நடத்தக் கூடாது என்பதற்கு என்னிடம் ஓர் அருமையான காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்தத் துண்டு.

நம் ஊரில் துண்டு காய்வது ஒரு சங்கதியா? கொடியில் போட்டுவிட்டு கிளிப்பைத் தேடி வருவதற்குள் காய்ந்திருக்கும். மே மாதத்தில் பக்கெட்டிலிருந்து எடுக்கும்போதே பாதி காய்ந்துதான் வரும். அங்கே முதல் நாள் ஈரம். இரண்டாம் நாள், போட்டபோது இருந்ததைவிட ஈரம். ஸ்டியரிங்கில் கட்டினேன், ஸ்டியரிங் நனைந்தது. டாஷ்போர்டில் விரித்தேன், கண்ணாடி முழுக்கப் புகை மூட்டம். மூன்றாம் நாள் பிழிந்தால் நான் கொடுத்த தண்ணீரை வட்டியோடு திருப்பிக் கொடுத்தது. அடுப்புக்கு மேல் தொங்கவிட்டேன். அன்று ரசத்தில் சோப்பு வாசம். மச்சினன் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டான். நாலாம் நாள் ஓரத்தில் பச்சையாக ஏதோ துளிர்த்தது. மதுரையில் வருஷம் முழுக்கப் பெய்வது சுமார் 85 செ.மீ.; பக்கத்துச் சின்னக்கல்லாறுக்கு அது நல்ல ஆடி மாதம் ஒன்றின் கணக்கு. தமிழ்நாட்டுச் சிரபுஞ்சி என்று சும்மாவா சொல்கிறார்கள்! அந்த மழைக்கு நடுவில் சோலார் தகடு வேறு. அதில் என் போன்கூடச் சார்ஜ் ஏறவில்லை. ஐந்தாம் நாள் துண்டை உதறினேன், ஓர் அட்டை விழுந்தது. எங்கே விழுந்தது என்று தேடினேன். கணுக்காலில் ரத்தம் வழிந்தபோது தெரிந்தது. அது கடிப்பதும் தெரியாது, விட்டுப்போன பிறகு ரத்தம் லேசில் உறைவதும் கிடையாது. கட்டுப்போட அந்தத் துண்டைத்தான் எடுத்தேன். ஈரம்.

ஆறாம் நாள் ஒரு சோலைமந்தி வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஜாதி. ஊறுகாய் பாட்டில், பிரெட், என் பனியன் எல்லாவற்றையும் பார்வையிட்டது. துண்டை எடுத்து முகர்ந்தது. வைத்துவிட்டுப் போய்விட்டது.

தேயிலை பறிக்கப் போகிற அம்மா ஒருவர் தினமும் எங்களைப் பார்த்துக்கொண்டே போவார். கடைசி நாள் நின்றே கேட்டுவிட்டார்: "ஏன் சார், உங்களுக்கு ஊர்ல வீடு இல்லையா?"

"இருக்கும்மா. சொந்த வீடு."

"அப்புறம் எதுக்கு வண்டில கெடக்குறீங்க?"

எஸ்டேட் லயன் வீடு வேலையில் இருக்கிறவரைக்கும்தான். ஓய்வு என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். அவரிடம் போய் மச்சினன் "இது ஒரு லைஃப் ஸ்டைல்ம்மா" என்றான். எனக்கு அந்த அட்டையையே எடுத்து அவன் நாக்கில் விடலாம் போல இருந்தது.

அடுத்த ட்ரிப் வரைக்கும் வண்டி எங்கள் வாசலில்தான் நிற்கும் என்பதையும் அவனே முடிவு செய்துவிட்டான். பால்காரர் சைக்கிளை நுழைக்க வழியில்லாமல் என்னைத் திட்டுகிறார்.

இன்று காலை ஒன்பது மணிக்குத் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. சாயங்காலம்தான் வருமாம். இதை வண்டிக்குள் படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நம் ஊர் வெயிலுக்கு சோலார் ஃபேன் பேய் மாதிரிச் சுற்றுகிறது. துண்டு வாசத்துக்காக ஜன்னலை மட்டும் திறந்து வைத்திருக்கிறேன்.