கோடிப் பெண்களைக் கட்டிக்கொடுத்தவர்

லண்டனில் பிரான்சிஸ் பேக்கன் என்றொரு வக்கீல். ராஜா நிழலிலேயே நின்று 1618-ல் லார்டு சான்சலர் ஆனார். 1621-ல் லஞ்சம் வாங்கியது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு டவர் சிறைக்குப் போனார். அபராதம் 40,000 பவுண்டு. பாவம், காஞ்சிபுரத்தில் ஒரு வருஷம் தொழில் பழகியிருந்தால் இந்த அவமானம் வந்திருக்காது.

அதே காலத்தில் இங்கே லட்சுமீகுமார தாத்தாச்சாரியார் கொடிகட்டிப் பறந்தார். விஜயநகர ராஜா வேங்கடபதி ராயருக்குக் குரு. வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு ஸ்ரீகார்யம், அதாவது சாவிக்கொத்து அவர் இடுப்பில். ராஜாவின் காதும் பெருமாளின் கஜானாவும் ஒரே ஆளிடம் இருந்தால் மந்திரி பதவி எதற்கு? 1598 வாக்கில் சந்திரகிரி அரண்மனைக்கு வந்த ஏசு சபைப் பாதிரிகள் கடிதங்களில் இவரைத் திட்டித் தீர்த்தார்கள். ராஜாவை மதம் மாற்ற வந்தவர்களுக்கு வாசலிலேயே இவர் உட்கார்ந்திருந்தால் கடுப்பு வராதா?

பட்டத்தைக் கேளுங்கள்: கோடி கன்னிகாதானம். கோடிப் பெண்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தாராம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபது வருஷம் ஒருநாள் விடாமல் நடத்தினாலும் தினம் நானூற்றைம்பது முகூர்த்தத்துக்கு மேல் வரும். ஆடியும் மார்கழியும் சேர்த்து! ஆளுக்கொரு கூறைப்புடவை என்றாலும் பிள்ளையார்பாளையத்துத் தறிகள் இன்னும் பாக்கி நெய்துகொண்டிருக்கும். நிறைய ஏழைப் பெண்களுக்குக் கல்யாணச் செலவு கொடுத்திருப்பார். மிச்சப் பூஜ்ஜியங்களை சிஷ்யர்கள் போட்டிருப்பார்கள்.

பேக்கன் வாங்கியதை ஒப்புக்கொண்டார். நம்மவர் கொடுத்ததைக் கல்லில் வெட்டினார். வரதராஜப் பெருமாள் கோயிலின் புண்ணியகோடி விமானத்துக்குக் கிருஷ்ணதேவராயர் 1514-ல் பொன் வேய்ந்திருந்தார். நூறு வருஷ வாரன்டி முடிந்த மாதிரி 1614-ல் தாத்தாச்சாரியார் அதைப் புதுப்பித்தார். அந்த வருஷமே வேங்கடபதி கண்ணை மூடினார். வாரிசுச் சண்டையில் அரச குடும்பத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ராஜ்ஜியம் கந்தலானது, விமானத்தில் தங்கம் நின்றது. முதலீடு செய்யத் தெரிந்த மனிதர்.

ஒருமுறை பொன்னும் நகையுமாக வந்தபோது திருடர்கள் மடக்கினார்களாம். அனுமனைக் கூப்பிட்டார், குரங்குப் படை வந்து விரட்டியது என்பது ஊர்க்கதை. அவ்வளவு நகையோடு குரு எங்கே போனார் என்று திருடர்கள்கூடக் கேட்கவில்லை. குரங்குகளுக்கு நன்றியாக அனுமனுக்குச் சஞ்சீவிராயர் கோயில், பக்கத்தில் கடல் மாதிரி ஒரு குளம், அனுமன் மேல் இருபது சுலோகம். ஊர் பெயரே அய்யங்கார்குளம். சித்ரா பௌர்ணமிக்கு அங்கே நடவாவிக் கிணற்றுத் தண்ணீரை இறைத்துவிட்டு வரதர் படியிறங்குவார். கூட்டத்தில் கால் வைக்க இடமிருக்காது.

தாத்தாச்சாரியார் வக்கீல் இல்லைதான். ஆனால் வடகலையாரான அவர் வம்சத்தாரும் தென்கலையாரும், பெருமாள் முன்னால் யார் பிரபந்தம் சேவிப்பது என்று வெள்ளைக்காரன் காலத்தில் கோர்ட்டு ஏறினார்கள். கோயில் யானை நெற்றியில் எந்த நாமம் என்ற தகராறும் சேர்ந்துகொண்டது. எத்தனையோ தலைமுறை வக்கீல்கள் அதில் வீடு கட்டிவிட்டார்கள். பிரபந்தக் கேஸ் மட்டும் இன்னும் வாய்தாவில்தான் இருக்கிறது.