அரவப் பேழையில் தழை: மெய்யா, பொய்யா?

தமிழ்நாட்டில் பாம்பையும் செடியையும் சேர்த்துப் பேசினால், பேச்சு பெரும்பாலும் விரட்டுவதைப் பற்றியே இருக்கும். வாசலில் சிறியாநங்கை வைத்தால் பாம்பு அண்டாது என்பார்கள். தாழம்புதர்ப் பக்கம் போகாதே, வாசனைக்குப் பாம்பு வரும் என்பார்கள். கடல் கடந்தால் கதை தலைகீழ். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பாம்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்ப்பவர்கள், அதன் மனம் குளிர எந்தச் செடியை வைக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பெட்டிக்குள் வைப்பது உயிர்ச்செடியாக இருக்க வேண்டுமா, பிளாஸ்டிக்கே போதுமா என்ற கேள்வியில் அவர்கள் இரண்டு கட்சியாகவே பிரிந்து நிற்கிறார்கள். இத்தனை கனமான பொருளைத் தமிழாய்வு இன்னும் உரிய முறையில் கவனிக்கவில்லை. அந்த இழுக்கைத் துடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆய்வுப்பொருள். வளர்ப்புப் பாம்புகளில் பெயர்பெற்றது ‘பால் பைத்தான்’. இதிலுள்ள பால், புற்றுக்கு ஊற்றும் பால் அன்று, பந்து. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் மலைப்பாம்பு இது. பாடபேதமாக, பிரிட்டனில் இதற்கு ‘ராயல் பைத்தான்’ என்று பெயர். பால் இல்லாவிட்டாலும் புற்று உண்டு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் இது பகலைக் கழிப்பது எலிவளைகளிலும் கரையான் புற்றுகளிலும்தான். கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்ததை நாம் பழமொழியாகச் சொல்கிறோம். கானா, டோகோ, பெனின் நாடுகளில் அது அன்றாட நடப்பு.

பகலெல்லாம் இருட்டுப் பொந்தில் கிடக்கும் ஒரு ஜீவனுக்குத் தோட்டக்கலை பற்றி என்ன அபிப்பிராயம் இருக்க முடியும்? ஆய்வு சிக்கலாவது இந்த இடத்தில்தான்.

வரலாற்றுப் பின்னணி இல்லாமல் எந்த ஆய்வும் சோபிக்காது என்பதால் லண்டனுக்குப் போவோம். அங்கே நதானியேல் பாக்‌ஷா வார்டு என்ற மருத்துவர் இருந்தார். ஊர்ப் புகையில் அவருடைய பெரணிச் செடிகள் செத்துக்கொண்டே இருந்தன. 1829இல் ஓர் அந்துப்பூச்சி வெளிவருவதைப் பார்க்க ஆசைப்பட்டு, அதன் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடிவைத்தார். மூடிய புட்டிக்குள் ஒரு பெரணியும் கொஞ்சம் புல்லும் தாமாகவே முளைத்தன. நான்கு வருடம் கழித்து அதே முறையில் செடிகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றினார். சிட்னிக்கு அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதே லண்டனின் விலங்குக்காட்சிச் சாலை 1849இல் ஊர்வனவற்றுக்கென்று தனிக் கூடம் திறந்தது. கண்ணாடிக்குள் செடியும் கண்ணாடிக்குள் பாம்பும் இருபது வருட இடைவெளியில் ஒரே ஊரில் வந்தாயிற்று. பிற்பாடு இரண்டும் ஒரே பெட்டிக்குள் சம்பந்தம் செய்துகொண்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனி பூர்வபட்சம். மெய்ச்செடிவாதிகளின் கொள்கைக்குப் ‘பயோஆக்டிவ்’ என்று பெயர். பெட்டியின் அடியில் தண்ணீர் வடியச் சுட்ட களிமண் உருண்டைகள், மேலே வலை, அதற்கும் மேலே மண். மண் என்றால் கொல்லையில் அள்ளுகிற மண் இல்லை. அட்லாண்டா தாவரவியல் பூங்காவில் பிறந்த ‘ஏபிஜி கலவை’ என்று ஒரு பக்குவம் உண்டு: மரப்பெரணி நார், பீட், கரி, பாசி, ஆர்க்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டை. பத்தியக் கஷாயம்கூட இவ்வளவு கேட்காது. மண்ணுக்குள் துப்புரவுப் பணிக்கு ஸ்பிரிங்டெயில் என்ற கடுகைவிடச் சிறிய பூச்சிகளையும், ஈரக்கல்லைப் புரட்டினால் ஓடுகிற ஐசோபாடுகளையும் விடுவார்கள். பூஞ்சையையும் பாம்பின் எச்சத்தையும் இவை தின்று மண்ணாக்க, அந்த மண்ணில் செடி வளரும். பார்க்கப் பூச்சி போலிருந்தாலும் ஐசோபாடு நண்டுக்கும் இறாலுக்கும் பங்காளி. அதிலும் சில வகைகள் பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். மாடியில் சுருளும் குடித்தனக்காரர், கீழே சுருளும் துப்புரவாளர்.

இதையெல்லாம் ‘இயற்கைச் சூழல்’ என்று சொல்கிறார்களே, அங்கேதான் இக்கட்டுரைக்கு ஐயம் எழுகிறது. பெட்டியில் அதிகம் படரும் கொடி நம் வீட்டுப் புட்டியில் தொங்கும் அதே மணி பிளான்ட். அதன் பூர்வீகம் பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினீசியாவின் மோரேயா தீவு. மறைவிடமாக வைக்கும் தக்கைப் பட்டைக்குப் பேர்போன நாடு போர்ச்சுகல். மண்ணோடு கலக்கும் கோகோபீட் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போவது. பொள்ளாச்சித் தேங்காய்மட்டைக்கும் அதில் பங்குண்டு. ஆப்பிரிக்கப் பாம்பு, பசிபிக் கொடி, ஐரோப்பியப் பட்டை, கொங்கு நாட்டு நார்த்தூள். இயற்கை என்பதைவிட ஐக்கிய நாடுகள் சபை என்பது பொருந்தும். இந்தக் கூட்டத்தில் பாம்போடு ஊர்க்காரன் உறவு கொண்டாடத் தகுதியுள்ள செடி ஒன்று உண்டு. நம் மருளின் ஒன்றுவிட்ட சகோதரன், மஞ்சள் விளிம்போடு கத்தி போல் நிமிர்ந்து நிற்கும் ‘ஸ்நேக் பிளான்ட்’. அதுவும் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. மலைப்பாம்பு மேலே ஏறிப் படுத்தாலும் தாங்குகிற செடிகளில் அதுவும் ஒன்று என்பது கூடுதல் தகுதி.

தாங்குவது சாதாரண விஷயமில்லை. வளர்ந்த பெண் பால் பைத்தான் ஒன்றரைக் கிலோவுக்கு மேலும் இருக்கும். அது ராத்திரியில் உலாவக் கிளம்பினால் மென்மையான பெரணி காலையில் துவையலாகக் கிடக்கும். பொய்ச்செடிவாதிகள் தங்கள் வாதத்தைத் தொடங்குவதே இந்தத் துவையலிலிருந்துதான். செடிக்குப் பளிச்சென்று வெளிச்சம் வேண்டும், பாம்போ இரவுப் பிராணி. செடிக்கு மிதமான சூடு போதும், பாம்புக்கோ பெட்டியின் ஒரு மூலை 30 டிகிரிக்கு மேல் காய வேண்டும். பிளாஸ்டிக் செடிக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை. கழற்றிக் கழுவி, காயவைத்து, மறுபடி ஒட்டலாம். பூச்சிமருந்து தெளித்த நர்சரிச் செடியை வாரக்கணக்கில் தனியே வைத்துக் கழுவித் துடைக்கும் வேலையும் மிச்சம்.

இரு கட்சிக்கும் பொதுவான ஒரு கவலை உண்டு: செடியில் விஷம் இருக்குமோ? மணி பிளான்ட் இலையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருப்பது உண்மை. கடித்தால் வாய் எரியும். ஆனால் பாம்பு இலை தின்னாது. ஊன் தவிர வேறெதையும் தொடாத பிராணிக்குக் கீரையின் தீமைகளைப் பட்டியலிடுவது வீண் உழைப்பு. இரையில் ஒட்டிய பிளாஸ்டிக் இலையைச் சேர்த்து விழுங்கிவிடுமோ என்று அஞ்சினால் அதில் அர்த்தம் உண்டு.

பாம்பின் கட்சி என்ன? அதன் கண்ணில் நிறம் காணும் கூம்பு செல்கள் இரண்டே வகை. அதில் ஒன்று நமக்குத் தெரியாத புற ஊதாவைக் காணும். உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணரும். நாக்கு மணத்தை அள்ளி மேலண்ணத்தில் சேர்க்கும். உயிரிலை நீரை ஆவியாக்கிக் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். பிளாஸ்டிக் இலை அறையின் சூட்டிலேயே இருக்கும். ஆகவே பாம்புக்கு வித்தியாசமே தெரியாது என்று அடித்துச் சொல்ல முடியாது. தெரிந்து அது என்ன செய்கிறது என்று பார்த்தால், இரண்டின் அடியிலும் ஒரே மாதிரிதான் சுருண்டு படுக்கிறது.

மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. அதற்குச் செடியே வேண்டாம்: பிளாஸ்டிக் டப்பா, அடியில் செய்தித்தாள், ஒரு தண்ணீர்க் கிண்ணம். அமெரிக்காவில் பாம்பைப் பெருக்கி விற்பவர்கள் டப்பாக்களை அலமாரி இழுப்பறை போல அடுக்கிவைப்பார்கள். இவர்களுக்கு எதிரான சாட்சி டென்னசி பல்கலைக்கழகத்திலிருந்து 2006இல் வந்தது. பொருள்கள் நிறைந்த பெட்டியில் வளர்ந்த எலிப்பாம்புகள், வெறும் பெட்டியில் வளர்ந்தவற்றைவிடப் புதிய இடத்துக்குச் சீக்கிரம் பழகின என்று அந்த ஆய்வு கண்டது. செய்தித்தாள் கட்சிக்கு இக்கட்டுரை வைப்புத்தொகையைத் திருப்பித் தராது.

சித்தாந்தம் இதுதான்: பாம்பு தேடுவது பச்சையை அல்ல, மறைவை. அந்த மறைவை மோரேயாத் தீவுக் கொடி தந்தாலும் சரி, தொழிற்சாலை இலை தந்தாலும் சரி. பெட்டிக்குள் உயிர்ச்செடி இருப்பதால் மகிழ்வது கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். அதில் தவறில்லை, மாதக்கணக்கில் மண் கலந்தவர் அவர்தானே. பிளாஸ்டிக் ஆயுளுக்கும் உழைக்கும் என்று யாராவது வாதாடினால் மட்டும், யாருடைய ஆயுளுக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச் சாலைக்கு 1961இல் வந்த ஒரு பால் பைத்தான், 2020இல், குறைந்தது 62 வயதில், முட்டையிட்டது.

இவ்வளவும் படித்துவிட்டு ஆசைப்படும் வாசகருக்கு ஒரு வார்த்தை. நாகம், சாரை, மலைப்பாம்பு என நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972ஆம் வருட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் 2024இல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். மணி பிளான்ட்டுக்குப் பதிவு தேவையில்லை.