சாமியாடும் வண்டி

டெக்சாஸில் பிக்கப் டிரக் வாங்குகிறவர்கள் இரண்டு வகை. வண்டியில் சாமான் ஏற்றுகிறவர்கள் ஒரு வகை. வண்டியையே ஏற்றுகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினர் கம்பெனி கொடுத்த ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு நீளமான ஸ்பிரிங் போடுவார்கள். 30 அங்குல டயர் இருந்த இடத்தில் 35 அங்குல டயரைத் திணிப்பார்கள். சாயங்காலத்துக்குள் வண்டி ஆறு அங்குலம் வளர்ந்துவிடும். இதற்குப் பெயர் லிஃப்ட். எதற்கு என்று கேட்டால் காடு, மேடு, சேறு என்பார்கள். அப்படி வளர்ந்த வண்டிகளில் பெரும்பாலானவை ஏறியிருக்கும் ஒரே மேடு, மால் பார்க்கிங்கில் இருக்கும் வேகத்தடை.

நான் மூன்றாம் வகை. யாரோ தூக்கி, யாரோ ஓட்டி, யாரோ அலுத்துப்போன வண்டியை வாங்கியவன். 1990-களின் கடைசியில் பிறந்த முக்கால் டன் டிரக். கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை, பாவம், அவர்கள் செய்து அனுப்பியபோது அது நேராகத்தான் போயிருக்கும்.

ஹூஸ்டன்வாசி என்பதால் எனக்கு ஒரு நியாயம் கைவசம் இருந்தது. 2017-இல் ஹார்வி புயல் வந்தபோது இந்தப் பக்கத்தில் நெடர்லாந்து என்ற ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. உயரமான டிரக் வைத்திருந்தவர்கள் தெருத் தெருவாகப் போய் ஆட்களை ஏற்றி வந்தார்கள். இதை உருக்கமாகச் சொல்லி முடித்ததும் மனைவி கேட்டாள்: “வெள்ளம் எப்பவோ வரும். நான் மளிகைக்கு வாரா வாரம் போகணுமேங்க?” அதற்குப் பதிலாக ஒரு முக்காலி வாங்கி வண்டியிலேயே போட்டு வைத்தேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் அந்த முக்காலியில் ஏறி, கொசுவத்தைக் கையில் பிடித்து, கைப்பிடியைத் தேடி, முருகனைக் கூப்பிட்டு உள்ளே போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்.

ஏறுவதாவது பரவாயில்லை. ஓட்டுவது இருக்கிறதே! பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கதாநாயகன் ஸ்டுடியோவுக்குள் கார் ஓட்டுவார். பின்னால் ரோடு நேராக ஓடும். இவர் மட்டும் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருப்பார். அந்த நடிப்பைக் கிண்டல் செய்தே வளர்ந்த தலைமுறை நான். இந்த டிரக்கில் அது நடிப்பு இல்லை. அப்படித் திருப்பாவிட்டால் வண்டி பக்கத்து லேனுக்குக் குடிபோய்விடும். நம் மெக்கானிக்குகள் ‘பிளே’ என்பார்களே, அது.

பிளேயோடு வாழ்ந்துவிடலாம். மனைவி முன்னால் உட்கார, மாமனார் மாமியார் பின்னால் உட்கார, பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போனோம். 288-ஆம் நெடுஞ்சாலையில் ஒரு மேம்பாலம். கான்கிரீட் இணைப்பில் டயர் ‘டப்’ என்று தட்டியது. வேகம் 55 மைல், நம் கணக்கில் 90 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த நொடி வண்டிக்குச் சாமி வந்துவிட்டது. முன் சக்கரங்கள் இரண்டும் தலையை இடவலமாக உதறத் தொடங்க, ஸ்டீயரிங் என் கையைப் பிடுங்கியது. டேஷ்போர்டில் இருந்த பிள்ளையார் இடம்பெயர்ந்தார். மாமியார் முருகன், மீனாட்சி, குலதெய்வம் மூவரையும் ஒரே மூச்சில் அழைத்தார். மாமனார் மட்டும் நிதானமாக, “பிரேக்க ஓங்கி மிதிக்காதீங்க மாப்ளே. ஆக்சிலேட்டர விடுங்க. அதுவா அடங்கும், ஓரங்கட்டுங்க” என்றார். வேகம் நன்றாக இறங்கிய பிறகுதான் சாமி மலையேறியது. இந்த ஊர்க்காரர்கள் இதை ‘டெத் வாபிள்’ என்கிறார்கள், மரண ஆட்டம். பெயரில் சாவு இருப்பதைக் கேட்டதும் மாமியார் அந்த வார்த்தையை வீட்டுக்குள் உச்சரிக்கக் கூடாது என்று தடை போட்டார்.

அந்த வார இறுதியில் தமிழ் நண்பர்கள் வீட்டு விருந்து. கேம்ரி, ஒடிஸி மாதிரிக் கார்கள் ஓட்டும் கூட்டம். ஆனாலும் வைத்தியம் சொல்லாமல் விடுவார்களா? சாஃப்ட்வேர் நண்பர் சென்சாரைச் சந்தேகப்பட்டார். அந்த வண்டியின் முன் சக்கரத்தைச் சுற்றி இருக்கும் சென்சார்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்றால் கேட்கவில்லை. இன்னொருவர் இணையத்தில் பார்த்துவிட்டு வந்து, ஸ்டீயரிங் பாக்ஸ் தலையில் இருக்கும் ஸ்குருவை இறுக்கினால் பிளே போய்விடும் என்று அவரே ஆலன் கீயோடு கீழே இறங்கினார். பிளே போனது உண்மை. கூடவே, வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரும் நல்ல பழக்கமும் போனது. அந்த ஸ்குரு உள்ளே இருக்கும் பல்லோடு பல்லை நெருக்குவதற்கு. அளவு மீறினால் நடுவில் பிடித்துக்கொள்ளும். பழையபடி தளர்த்தி வைத்தோம்.

கடையில் காட்டினால் ஸ்டெபிலைசர் போடுங்கள் என்றார்கள். படுக்கப்போட்ட ஷாக் அப்சார்பர்தான் அது. சக்கரம் உதறினால் உதறலை வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்றேன். “அப்படியானால் இரண்டு போடலாம்” என்றார் கவுண்டரில் இருந்தவர், சாம்பார் ஊற்றுகிறவரின் தாராளத்தோடு. எது ஆடுகிறது என்று கேட்டதற்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. என் எரிச்சலே இதில்தான். லிஃப்ட் உலகத்தில் ஆட்டத்தை மறைக்கும் சாமானுக்குப் பளபளப்பான பெட்டி உண்டு, சிவப்பு மஞ்சள் பெயின்ட் உண்டு. ஆட்டத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் தரையில் படுக்க வேண்டும். அதைப் பெட்டியில் போட்டு விற்க முடியாது.

அரசாங்கமாவது பார்க்குமா என்றால், டெக்சாஸில் சாதாரண வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையையே 2025 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். சோதனைதான் போயிற்றே தவிர அதற்குப் பதில் ஏழரை டாலர் கட்டணம் இருக்கிறது. ஏழரை! தொகையை யார் முடிவு செய்தார்களோ, ஜாதகம் பார்த்தவர்களாக இருக்க வேண்டும்.

இத்தனை நாளும் மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பஸ்களுக்கு அடியிலேயே ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதம் தங்க அனுமதி வாங்கி வந்து, காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, நடுவில் அடுத்தவர் வீட்டுப் புல்லைப் பார்ப்பது என்று காய்ந்துபோயிருந்தார். ஒரு நாள் காலை லுங்கியை மடித்துக் கட்டி, டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, வண்டிக்கு அடியில் போனார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“மாப்ளே, இது நம்ம பஸ்ஸுங்க!”

அவர் சொன்னது சரி. கேம்ரியில் முன் சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனிக் குடித்தனம். இந்த டிரக்கில் இந்தப் பக்கம் தொடங்கி அந்தப் பக்கம் வரை ஒரே ஆக்சில், கூட்டுக் குடும்பம். ஸ்டீயரிங் பாக்ஸ், அதிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம், அங்கிருந்து டிராக் லிங்க், டை ராட் என்று எல்லாம் அவருக்குத் தெரிந்த முகங்கள். ஒன்றே ஒன்றைத் தவிர.

“இது என்ன குறுக்குக் கம்பி? நம்மகிட்ட கிடையாதே?”

அது டிராக் பார். பனார் ராட் என்றும் சொல்வார்கள். 1890-களிலேயே கார் விற்ற பிரெஞ்சு கம்பெனியின் பெயர். பஸ்ஸில் பட்டை ஸ்பிரிங். அது எடையையும் தாங்கும், ஆக்சில் பக்கவாட்டில் நகராமலும் பிடித்துக்கொள்ளும். சுருள் ஸ்பிரிங்குக்கு எடை தாங்க மட்டுமே தெரியும். பக்கவாட்டில் பிடிக்க ஆள் வேண்டும். அதற்காகத்தான் ஒரு முனை சேசிஸில், மறு முனை ஆக்சிலில் என்று குறுக்கே ஒரு கம்பி. இதை நான் விளக்கியதும் அட்டையின் மேல் சிறிது நேரம் மௌனம்.

“அப்ப இந்த ஒரு கம்பி ஆடுனா எல்லாம் ஆடுமே, மாப்ளே?”

நான் உள்ளே உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, சக்கரம் தரையில் இருக்கும்போதே ஸ்டீயரிங்கை லேசாக இடம் வலம் ஆட்ட வேண்டும். அவர் கீழே ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்துப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கைக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. “டை ராட் எண்டு நல்லாருக்கு... ஆட்டுங்க... டிராக் லிங்க் சுமார்... ஆட்டுங்க... நிறுத்துங்க. மறுபடி. நிறுத்துங்க! இறங்கி வாங்க.”

டார்ச் அடித்துக் காட்டினார். டிராக் பாரின் ஆக்சில் பக்க போல்ட். கம்பி புதிது, போல்ட் புதிது, யாரோ செலவு செய்து மாட்டியிருக்கிறார்கள். ஆனால் போல்ட் தலையைச் சுற்றிப் பெயின்ட் உரிந்து இரும்பு வெள்ளையாக மின்னியது. அதன் விளிம்பில் செம்பழுப்புத் தூள், மஞ்சள்பொடி அளவுக்கு மென்மையாக. போல்ட்டைக் கழற்றி விரலை விட்டார். வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது. தேய்மானத்தால் கூடிய இடத்தில் ஒரு பட்டாணி கூட நுழையாது. 55 மைலில் சாமி வர அது போதும். ஓட்டையைப் பார்க்காமல் ஒவ்வொரு சொந்தக்காரரும் அதில் புதுக் கம்பியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தெருமுனையில் இருந்த வெல்டர் ஒருவர், சரியான அளவு துளை போட்ட கனமான தகட்டை அந்த இடத்தில் இரண்டு பக்கமும் வைத்துப் பற்றவைத்தார். மாமனாருக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. வெல்டிங்கில் ஒரு குறையை இருவரும் ஒரே நேரத்தில் விரலால் காட்டினார்கள். போல்ட்டை முடுக்கும்போதுதான் குடும்பத் தகராறு. வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் முடுக்க வேண்டும் என்பதில் ஒத்துப்போனோம். டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முடுக்க வேண்டும் என்றேன். கைக்குத் தெரியாததா ரெஞ்சுக்குத் தெரியும் என்றார். ரெஞ்ச் ‘க்ளிக்’ என்றதும் அவர் தன் ஸ்பேனரை வைத்து ஒருமுறை சரிபார்த்து, “பரவாயில்லை” என்று ரெஞ்சுக்குச் சான்றிதழ் கொடுத்தார்.

ஆட்டம் நின்றது. லேனை விட்டு விலகும் அலைச்சல் மட்டும் கொஞ்சம் மிச்சம். டயரில் யாரோ உச்ச அளவுக்குக் காற்று நிரப்பி வைத்திருந்தார்கள், அதை இறக்கினோம். பிறகு கேஸ்டர். சக்கரம் திரும்பும் அச்சு, மேல் நுனி பின்னால் சாய்ந்தபடி இருக்க வேண்டும். அந்தச் சாய்வு இருந்தால்தான் விட்ட ஸ்டீயரிங் தானாக நேராகும். வண்டியைத் தூக்கும்போது ஆக்சிலைப் பிடிக்கும் கைகள் கீழே சரிந்து, ஆக்சிலையே சுழற்றி, அந்தச் சாய்வைத் தின்றுவிடும். “ஆப்பு வைக்கணும் மாப்ளே” என்றார் மாமனார். நான் திடுக்கிட்டேன். பட்டை ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்கிற இரும்பு ஆப்பைத்தான் சொன்னார். என் வண்டியில் அதற்கு வேலை இல்லை. கீழ்க் கையின் போல்ட்டில் கேம் என்ற கோணல் வட்டு ஒன்று இருக்கிறது, திருப்பினால் போதும். அலைன்மென்ட் கடையில் இரண்டு டிகிரி கூட இல்லாத கேஸ்டரை நான்குக்குக் கொண்டுவந்தார்கள். ஆப்பு வைக்க வாய்ப்பில்லாமல் போனதில் மாமனாருக்கு வருத்தம்.

விஷயம் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் இரண்டு கேம்ரி, ஒரு ஒடிஸி. “அங்கிள், ஒரு தடவை கை வச்சுப் பாருங்களேன்.” மாமனார் லுங்கியை மடித்துக் கட்டி, அட்டையை விரித்து, கேம்ரிக்கு அடியில் போக முயன்றார். தலை போயிற்று, தோள் போகவில்லை. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, “என்னங்க இது, ஆளு நுழையவே இடமில்ல. இதைக் கொஞ்சம் தூக்கினா என்ன?” என்றார்.